மொட்டைமாடியில் காற்று அளந்தார்கள்

ஜனவரி 9, வெள்ளி

காலை மோட்டார் போட்டேன். தண்ணீர் ஏறியது. இரண்டாம் மாடி கைலாசம் வீட்டில் மட்டும் வரவில்லை என்று புகார். போய்ப் பார்த்தேன். அவர் குழாயைத் திறக்கவில்லை. திறந்தார், வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேலை என்றால் பாதி இதுதான்.

பதினொரு மணிக்கு நிரஞ்சன் என்ற இளைஞர் வீட்டுக்கு வந்தார். பெரம்பூர் வெயிலில் கோட்டு போட்டிருந்தார். எதிரில் பழைய பிஸ்கட் ஃபேக்டரி மனையை வாங்கியிருக்கும் கட்டுமானக் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாம். ஃபேக்டரியை இடித்துவிட்டு 'ஏழிசை ஸ்கொயர்' கட்டப்போகிறார்கள். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள். "வீட்லேருந்து லிஃப்ட்ல எறங்குனா ஆபீஸ், ஆபீஸ்லேருந்து எறங்குனா சூப்பர் மார்க்கெட். யாருமே வண்டி எடுக்க வேண்டாம் சார். அதனால புகையே கிடையாது" என்றார். அடித்தளத்தில் எத்தனை கார் நிறுத்தலாம் என்று கேட்டேன். ஆயிரத்து இருநூறு என்றார். வண்டியே எடுக்க வேண்டாதவர்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவதற்குத் தாராள மனது வேண்டும்.

தவமணி காபி கொண்டுவந்து வைத்தாள். "தூசி வருமா தம்பி?" என்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் வீசிங் உண்டு. மழைக்காலத்தில் வரும், போய்விடும்.

"நாலு பக்கமும் பச்சை வலை கட்டிடுவோம் ஆன்ட்டி. தண்ணி தெளிச்சிக்கிட்டே இருப்போம். நீங்க ஜன்னலைச் சாத்தவே வேண்டாம்."

சூப்பர் மார்க்கெட் எதிரிலேயே வருவது நல்லதுதான். தவமணி பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. நிரஞ்சன் போகும்போது ஒரு சின்ன உதவி கேட்டார். எங்கள் மொட்டைமாடியில் காற்றை அளக்கும் மெஷின் ஒன்றை மூன்று நாள் வைக்க வேண்டுமாம். "செகரட்டரி சார் மனசு வெச்சா முடியும்" என்றார். மனது வைத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

மெஷின் வந்தது. எபிநேசர் என்பவர் ஆள் வைத்துத் தூக்கிவந்தார். தகரப் பெட்டி, மேலே சின்னக் கூரை. உள்ளே ஒரு வெள்ளைக் காகிதம் வைத்தார். மெஷின் காற்றை இழுக்கும், தூசி காகிதத்தில் தங்கும், பிறகு காகிதத்தை எடை போடுவார்கள். ஓடும்போது எங்கள் பழைய ஃபிரிட்ஜ் மாதிரி சத்தம் போடுகிறது.

முதல் மாடி ஷெரீஃப் பாய், எங்கள் பொருளாளர், மாடிக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காத்து எப்படி இருந்துச்சுன்னு கணக்கு வேணுமாம் பாய். ரூல்."

"அதுக்குப் பொங்கல் வாரம்தான் கெடைச்சுதா?"

ஷெரீஃப் பாய் எதையும் சந்தேகப்படுவார். காய்கறிக்காரர் தக்காளி நிறுத்தால் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்ப்பவர். அப்படிப்பட்டவர் பொருளாளராக இருப்பது சங்கத்துக்கு நல்லது, பக்கத்தில் உட்காருபவருக்குக் கஷ்டம்.

ஜனவரி 13, செவ்வாய்

நிரஞ்சன் மறுபடி வந்தார். இந்த வருஷம் கம்பெனி சார்பில் போகிப் போட்டி. தெருவில் எந்தக் கட்டிடத்தின் போகி பெரிதோ அதற்குக் கேடயம். குழந்தைகளுக்கு மேளம் இலவசம். எரிக்கப் பொருள் போதாவிட்டால் கம்பெனியே அனுப்பும். "பாரம்பரியத்தை நாமதான் சார் காப்பாத்தணும்" என்றார். கோட்டு போட்டவர்கள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 14, புதன். போகி

விடியலில் நான்தான் நெருப்பு வைத்தேன். பாய், தலையணை, கைலாசத்தின் பழைய சோபா. கம்பெனி ஒரு லோடு அனுப்பியிருந்தது. ஃபேக்டரியில் பிஸ்கட் நகர்ந்துபோகும் ரப்பர் பெல்ட்டுகள், ஃபோம், பிளாஸ்டிக் தட்டுகள். ரப்பர் நன்றாக எரிகிறது. தெருவே தெரியவில்லை. எதிரில் நிற்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கைகுலுக்க வந்த நிரஞ்சன் முதலில் கைலாசத்தின் கையைக் குலுக்கிவிட்டு, பிறகு என்னைத் தேடி வந்தார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். கேடயத்தோடு போட்டோ எடுத்தார்கள்.

எபிநேசர் மாஸ்க் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். மெஷின் நிற்காமல் ஓடுகிறதாம். தவமணி ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே புகை குறைவு என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. தவமணி "பொங்கலோ" என்றாள், இருமல் வந்துவிட்டது. மீதியை நான் சொன்னேன்.

மெஷினை இறக்கிக்கொண்டு போனார்கள். எபிநேசர் காகிதத்தைக் காட்டினார். வெள்ளையாகப் போனது அடுப்புக்கரி நிறத்தில் வந்திருந்தது. "நல்லா உழைச்சிருக்கு" என்றேன். அவர் அதைக் கவரில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 23, திங்கள்

எதிரில் பூமி பூஜை. லட்டு வந்தது. பிற்பகல் இடிக்க ஆரம்பித்தார்கள்.

மார்ச் 5, வியாழன்

டிவியைத் துடைத்தேன். மத்தியானம் மறுபடி துடைத்தேன். கைலாசம் தன் வெள்ளை ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் முன்னால்தான் நின்றது, சிமெண்ட் நிறத்தில்.

பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். மெயின் ரோடு பக்கம் மட்டும், ஏழிசை ஸ்கொயர் விளம்பரப் பலகை இருக்கும் இடத்தில். எங்கள் பக்கம் இல்லை. தண்ணீர் லாரி தினமும் வருகிறது, நிழலில் நிற்கிறது, டிரைவர் தூங்குகிறார். போய் எழுப்பினேன். "பைப்பு வரல சார்" என்றார்.

தவமணி துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறாள். பேசும்போது நடுநடுவே நிறுத்துகிறாள். "அந்த... மிளகாய்ப்பொடி டப்பாவ... மூடி வைங்க" என்பாள். நிறுத்தி நிதானமாகப் பேசுவதில் தவறில்லை.

மார்ச் 7, சனி

தவமணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் வசதியாக இல்லையாம். நாற்காலி நல்ல நாற்காலி.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சுற்றுவட்டாரத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்றார். குறிப்பிடும்படி இல்லை என்றேன். தவமணி என்னைப் பார்த்தாள்.

"எதுத்தாப்புல... ஃபேக்டரிய... இடிக்கறாங்க டாக்டர்."

டாக்டர் அங்கேயே அவளுக்கு முகமூடி வைத்து ஆவி மருந்து கொடுத்தார். இன்ஹேலர் எழுதினார். கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருந்தால் நல்லது, இப்படியே விட்டால் ஒருநாள் அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வரும் என்றார். டாக்டர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனாலும் ஆட்டோவில் திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரோடு மேடுபள்ளமாக இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

தவமணி தென்காசிக்குப் போகிறாள். அவள் தங்கை குணமணிக்கு முழங்கால் வலி, அக்கா துணைக்கு வேண்டுமாம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். குணமணியே அழைத்துப் போக வந்திருந்தாள். எழும்பூரில் இரண்டு பெட்டியையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு படியேறி, எங்களுக்கு முன்னால் பிளாட்பாரத்தில் போய் நின்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

ரசம் வைத்தேன். புளி அதிகம். மூன்று வேளைக்கும் அதுவே.

தவமணி போன் செய்தாள். குணமணியின் மருமகள் கதையை ஆரம்பித்தாள். குக்கர் வைத்து, விசில் வந்து, நான் இறக்கி வைத்த பிறகும் நிறுத்தவில்லை. நடுவில் ஒரு இருமல் இல்லை.

"நீங்களும் இங்க வாங்களேன்" என்றாள்.

"மோட்டார் யார் போடறது?"

அவள் சொன்னாள்: "நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா அடுத்தவங்க அடுப்படியில கேட்டுக் கேட்டு எவ்ளோ நாளைக்குங்க டீ போடறது? என் வீட்டுக்கு நான் எப்ப வரலாம்னு சொல்லுங்க. அது போதும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதை எழுத நினைக்கவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

மண்டல அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தோம். வலை இல்லை, தண்ணீர் இல்லை, தூசி தாங்கவில்லை என்று. முதல் கையெழுத்து ஷெரீஃப் பாய் போட்டார். அவர் பேத்திக்கும் இருமலாம். கைலாசம் பேனாவை வாங்கி, முதலில் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

ஏப்ரல் 24, வெள்ளி

மண்டல அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். நானும் ஷெரீஃப் பாயும் போனோம். அதிகாரி ஒரு அம்மா. எதிர்ப்பக்கம் நிரஞ்சன், கோட்டோடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

அதிகாரி எங்கள் புகாரைப் படித்தார். "என்ன சொல்றீங்க?" என்று நிரஞ்சனைக் கேட்டார்.

"மேடம், தூசி இருக்கறது உண்மைதான். ஆனா நாங்க வர்றதுக்கு முன்னாடியே இந்தத் தெரு காத்து ரொம்ப மோசமா இருந்திருக்கு. முறைப்படி அளந்து வெச்சிருக்கோம். இப்ப இடிக்கும்போது வர்றது அதுல பாதிதான். ஒரு விதத்துல, நாங்க வந்தப்புறம் காத்து முன்னேறியிருக்கு."

"எங்க வெச்சி அளந்தீங்க?"

"இவங்க பில்டிங் மாடியிலயேதான் மேடம், ஜனவரியில. செகரட்டரி சார்தான் பர்மிஷன் குடுத்தார்."

நிரஞ்சன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். ஷெரீஃப் பாயும் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது மெதுவாகச் சுற்றியது.

"அப்படியா சார்?" என்றார் அதிகாரி.

"பர்மிஷன் கொடுத்தது நான்தான்" என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது ஷெரீஃப் பாய் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். என் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 25, சனி

ஷெரீஃப் பாய் சங்க அறைக்கு வந்தார். அலமாரியில் இருந்த கேடயத்தை எடுத்துப் பார்த்தார், வைத்தார்.

"பரிசு குடுக்கறான்னா எதுக்குக் குடுக்கறான்னு பாக்கணும் சார்."

"எனக்கு எப்படிப் பாய் தெரியும்? போகி வருஷா வருஷம் வர்றதுதானே."

"வருஷா வருஷம் மாடியில மெஷினை வெச்சிக்கிட்டா கொளுத்துவோம்? பின்னாடி தூசி கெளப்பப் போறவன், முன்னாடியே நம்ம கையால புகை போட வெச்சிட்டான். நாமளும் மேளம் அடிச்சிப் போட்டோம்." பெஞ்சில் உட்கார்ந்தார். "மெஷின் ஓடுனது போகி அன்னிக்குன்னு அந்தம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நெருப்பு வெச்சது நீங்க. நான் சொன்னா வேற மாதிரி எடுத்துப்பாங்க."

யோசிக்கிறேன் என்றேன். ரப்பர் எரித்தவன் என்று என் பெயர் ரெக்கார்டில் ஏறும். ஜூனில் சங்கத் தேர்தல் வேறு. ரயில்வேயில் இருந்த காலம் முழுக்க ஒரு மெமோகூட வாங்காதவன் நான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

தவமணி போன் செய்தாள். குணமணி வீட்டில் அவளுக்கென்று பின்கட்டு அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருக்கிறார்களாம். புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார்களாம்.

"கட்டிலா?" என்றேன்.

"ஆமாங்க. தேக்குக் கட்டில்."

விருந்தாளிக்குப் பாய் போடுவார்கள். தேக்குக் கட்டில் வாங்குகிறார்கள் என்றால் அவள் திரும்பிவருவாள் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லையோ என்று தோன்றியது. சாப்பாடு இறங்கவில்லை. ரசம் இன்று உண்மையில் நன்றாக வந்திருந்தது.

ஏப்ரல் 29, புதன்

அதிகாரியைப் பார்த்தேன். மெஷின் ஓடியது போகி நாட்களில் என்றும், மெஷினுக்கு நேர் கீழே நெருப்பு வைத்தது நான் என்றும், எரிக்கப் பொருள் அனுப்பியது கம்பெனி என்றும் சொன்னேன்.

"ரப்பரையா எரிச்சீங்க?"

"ஆமாம் மேடம். அதுக்குப் பரிசும் குடுத்தாங்க."

"சட்டப்படி தப்புன்னு தெரியாதா? படிச்சவர்தானே நீங்க?"

"படிச்சவன்தான்" என்றேன்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு நான் சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பழைய அளவு செல்லாது, அதே மாடியில் மறுபடி மூன்று நாள் அளக்க வேண்டும் என்று உத்தரவு போடுவதாகச் சொன்னார். எனக்கு ஒரு நோட்டீஸ் வரும் என்றும் சொன்னார். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். ஐஸ் போட வேண்டாம் என்று சொன்னேன், போட்டுவிட்டான்.

மே 15, வெள்ளி

மெஷின் மறுபடி மாடிக்கு வந்துவிட்டது. அதே எபிநேசர், அதே பெட்டி, புதுக் காகிதம். இன்று காலையிலிருந்து எதிரில் சத்தமே இல்லை. பச்சை வலையை நாலு பக்கமும் கட்டிவிட்டார்கள். தண்ணீர் லாரி டிரைவர் விழித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தெருவையே கழுவிவிட்டார், கைலாசத்தின் ஸ்கூட்டர் உட்பட. அந்த அதிகாரி அம்மா கெட்டிக்காரர். ஒரு உத்தரவு எவ்வளவு வேலை செய்கிறது.

மத்தியானமே தவமணிக்குப் போன் செய்தேன். "காத்து சரியாயிடுச்சு. வீடு உனக்காகக் காத்திருக்கு, கிளம்பி வா" என்றேன். இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. அவளுக்கும் கேட்டுப் பழக்கமில்லை. "உடம்பு நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

இன்று பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறாள்.

மே 16, சனி

வந்துவிட்டாள். படியேறும்போது இரண்டாம் மாடியில் மட்டும் நின்றாள். அதுவும் கைலாசம் மனைவியிடம் குணமணியின் மருமகளைப் பற்றிச் சொல்வதற்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் என் மிளகாய்ப்பொடி டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினாள். வத்தக்குழம்பு வைத்தாள். மத்தியானம் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். குறட்டை விட்டாள். நான் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

மே 17, ஞாயிறு

காலையில் ஷெரீஃப் பாய் படியில் பிடித்துக்கொண்டார். "எதுத்தாப்புல ஏன் சார் மூணு நாளா ஆளையே காணோம்?" என்றார். உத்தரவு என்றேன். "காத்தை அளக்கச் சொல்லித்தானே சார் உத்தரவு, வேலைய நிறுத்தச் சொல்லி இல்லையே?" என்றார். ஷெரீஃப் பாய் எதையும் சந்தேகப்படுவார் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"லேபருக்கெல்லாம் மூணு நாள் லீவு உட்டுட்டாங்க சார். நாளைக்கு உங்க மாடியிலேருந்து அந்தப் பொட்டிய எறக்குனதும் ஸ்டார்ட்டு. பத்து மணிக்கு செவுரு இடிக்கற பிரேக்கர் வருது. ரெண்டு பிரேக்கர்."

முதல் தடவை எங்களைப் புகை போடவைத்து அளந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளக்கிறார்கள். நாளை காகிதம் வெள்ளையாக வரும். பிறகு யார் புகார் கொடுத்தாலும், இங்கே இடிக்கிறார்கள், இருந்தும் காற்று சுத்தம் என்று அந்தக் காகிதம் சொல்லும்.

தவமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போகியிலிருந்து.

"தெரியும்ங்க" என்றாள். "ஆட்டோலேருந்து எறங்கும்போதே தெரியும். பாதி செவுரு அப்படியே நிக்குது, ஒரு ஆள் இல்ல. வேலை எப்படிங்க முடிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையாக் கூப்பிட்டீங்க. மாடியில பொட்டி ஓடற மூணு நாளாவது என் வீட்டுல இருந்துட்டுப் போலாமேன்னு பாத்தேன்." கீரைக்காம்பை முறத்தில் போட்டாள். "டிக்கெட்டு நாளைக்கு சாயங்காலத்துக்கே போட்டுட்டான் குணமணி புள்ள."

அப்போதுதான் பார்த்தேன். அவள் பெட்டி கட்டில் பக்கத்தில் அப்படியே இருந்தது. ஒரு புடவையைக்கூட எடுத்து அலமாரியில் வைக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் நிரஞ்சன் மேல் வந்தது. அது அங்கே அதிக நேரம் நிற்கவில்லை, என் மேல் வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஒரு கேடயத்துக்கும் ஆசைப்பட்டு இவளை இவள் வீட்டிலிருந்தே துரத்தியிருக்கிறேன். இதைத் தென்காசி, முழங்கால் வலி என்று மூடிமூடி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 18, திங்கள்

மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடிக் கதவை இந்தப் பக்கத்திலிருந்து தாழ் போட்டுவிட்டேன். மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலை மோட்டார் போட்டேன். தண்ணீர் ஏறியது. பிறகு தவமணியிடம் மாடிக்குப் போகிறேன், வர நேரமாகும் என்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு எபிநேசர் வந்து கதவைத் தட்டினார்.

"சார், நேரம் முடிஞ்சிருச்சு. மெஷினை எறக்கணும்."

"எறக்க வேண்டாம் தம்பி. இடிக்க ஆரம்பிக்கச் சொல்லுங்க. இடிக்கும்போது இது ஓடட்டும். அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போங்க, நானே கதவைத் திறக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஓட்டச் சொன்னா ஓட்டுவேன்" என்றார். படியில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. தவமணி கதவிடுக்கு வழியாக அவருக்குக் காபி கொடுக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை.

பத்து மணிக்கு இரண்டு பிரேக்கரும் வந்தன. வந்து சும்மா நின்றன. டிரைவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். மெஷின் ஓடும்போது இடித்தால் உள்ளது உள்ளபடி பதிவாகும். இடிக்காமல் இருந்தால் தூசி இல்லை. எப்படி ஆனாலும் எங்களுக்குச் சரி. இது நேற்று கீரை ஆயும்போது தோன்றியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பத்தேகாலுக்கு நிரஞ்சன் தெருவில் வந்து நின்றார். இன்று கோட்டு இல்லை. அண்ணாந்து கத்தினார்.

"செகரட்டரி சார்! அது எங்க மெஷின் சார்! இது சட்டப்படி தப்பு!"

"என்மேல் ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் இருக்கு தம்பி. இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க" என்றேன்.

கீழே மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். அது நடக்கவில்லை என்று கதவுக்கு வெளியிலிருந்து எபிநேசர் சொன்னார். மீட்டர் போர்டுக்கு முன்னால் ஷெரீஃப் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாராம். அந்த அதிகாரி அம்மாவுக்கும் அவரே போன் செய்துவிட்டாராம். வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வருவாரா, வந்து யார் பக்கம் பேசுவார், எனக்குத் தெரியாது.

"போலீஸைக் கூப்பிடுவேன் சார்! ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க ஆன்ட்டி!" என்றார் நிரஞ்சன்.

தவமணி எழுந்தாள். கட்டைச்சுவர் பக்கம் போய், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"யாருக்குடா ஆன்ட்டி? எங்க வீட்டு நடுக்கூடத்துல உக்காந்து காப்பி குடிச்சிட்டு, ஜன்னலச் சாத்த வேணாம் ஆன்ட்டின்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு, எங்க கையாலயே எங்க தெருவக் கொளுத்தவெச்சி, அதுக்கு இந்த மனுஷன் கையில ஒரு தகரத்தக் குடுத்துப் போட்டோ புடிச்சி, என்னைய என் வீட்ட விட்டுத் தங்கச்சி வீட்டுப் பின்கட்டுக்கு அனுப்பிட்டு, இப்ப வந்து மெஷினக் குடு கிஷினக் குடுன்னு கத்தறியே, மேல வலை கட்டி, தண்ணி தெளிச்சி, ஒழுங்கா வேலை செய்யறதுக்கு உனக்கு என்னடா வலிக்குது?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பிரேக்கர் டிரைவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். நான் வார்த்தைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை, பிறகு அவளிடம் கேட்டுத்தான் இங்கே எழுதினேன். அவள் எங்கே நிற்பாள், எங்கே இருமல் வரும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். 'கொளுத்தவெச்சி'யில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. 'பின்கட்டு'க்கு வந்தபோது என் கை தானாகச் சட்டைப் பையில் இன்ஹேலரைத் தொட்டது. அங்கேயும் நிற்கவில்லை. கடைசிவரை போய், குரல் உடையாமல் முடித்தாள்.

நிரஞ்சன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். போலீஸ் வரும். கதவைத் திறக்கச் சொல்வார்கள், சாயங்காலத்துக்குள் திறக்கவும் வேண்டியிருக்கும்.

தவமணி முகம் சிவந்து, கட்டைச்சுவரைப் பிடித்தபடி நின்றாள். "ரொம்பப் பேசிட்டேனாங்க?" என்றாள்.

இல்லை, இன்னும் கொஞ்சம் திட்டு என்றேன்.